தேதி போட்ட ரத்தம்

இரண்டாவது தடவை எடுத்தபோதுதான் தமிழ்ச்செல்வி அந்தப் பையை நன்றாகப் பார்த்தாள். முதல் தடவை ஊசி குத்தியதிலிருந்து எடுக்கும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷின்மேல் பை கிடந்து இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. ஆட ஆடப் புடைத்துக்கொண்டே வந்தது.

"எதுக்கும்மா அது ஆடுது?"

"உறைஞ்சிறாம இருக்கக்கா. உள்ள மருந்து இருக்கு, அதோட கலக்கணும்ல," என்றாள் ரூபினா. கே.கே. நகரில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் அவள்தான் டெக்னீஷியன். "கையை மூடித் திறந்துக்கிட்டே இருங்க. பேசாம இருந்தா மெதுவாத்தான் வரும்."

தமிழ்ச்செல்வி ரப்பர் பந்தை அழுத்தினாள். தன் உடம்பிலிருந்து போவது சுடச்சுட முழங்கையை உரசிக்கொண்டு குழாயில் இறங்குவது தெரிந்தது. இத்தனை நாளும் தனக்குள் இருந்தது இப்படிச் சூடாக இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. வீடு கோச்சடையில். பைபாஸ் ரோட்டில் அவளும் புருஷன் வெள்ளைத்துரையும் பைக் சீட் கவர் கடை வைத்திருந்தார்கள். அவள் தைப்பாள், அவன் மாட்டிக் கொடுப்பான். இரண்டு வருடமாக இடது இடுப்பில் வலி. மிஷின் பெடலில் கால் வைத்தால் தொடை இடுக்கில் ஆணி இறக்குகிற மாதிரி இருக்கும். தைலம், நாட்டு மருந்து, பிசியோ எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் டாக்டர் சூரியபிரகாஷிடம் வந்தார்கள். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த எலும்போட தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு போச்சும்மா. நொறுங்க ஆரம்பிச்சிருச்சு. மூட்டை மாத்துறது ஒண்ணுதான் வழி."

அதற்குச் சரி என்றார்கள். அப்புறம்தான் சிக்கல் வந்தது. ஆபரேஷனுக்குக் கைவசம் ரத்தம் வேண்டும். அவளுடைய ரத்தத்தோடு எந்தப் பையை வைத்துச் சோதித்தாலும் ஒத்துப்போகவில்லை. மகள் அஸ்வினி பிறந்தபோது தமிழ்ச்செல்விக்கு ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். அதிலிருந்து அவள் உடம்பு வெளி ரத்தத்தை எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டது என்றார் டாக்டர். ஏற்றினால் உள்ளேயே உடைத்துப் போட்டுவிடுமாம்.

"ஒரு வழி இருக்கு. உங்க ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வச்சுக்கலாம். ஆபரேஷன்ல இழக்குறதுக்கு அதையே திருப்பி ஏத்திருவோம்."

"எனக்கு நானே குடுக்கணுமா?" என்று தமிழ்ச்செல்வி சிரித்துவிட்டாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ரூபினா குழாயை முடிச்சுப் போட்டுப் பையை எடுத்துத் துடைத்து, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டினாள். தமிழ்ச்செல்வியின் பெயர், வயது, கீழே இரண்டு தேதி.

"இந்த ரெண்டாவது தேதி என்னது?"

"அதுவரைக்கும்தான்க்கா தாங்கும். ஒரு மாசமும் கொஞ்ச நாளும். போன வாரம் எடுத்ததுக்கு ஒரு வாரம் முந்தியே முடிஞ்சிரும்."

"தாண்டிருச்சுன்னா? வேற யாருக்காச்சும் குடுத்துருவீகளா?"

"உங்களுக்குனு எடுத்ததை உங்களுக்கு மட்டும்தான் ஏத்துவோம். தாண்டிருச்சுன்னா டிஸ்கார்ட் போட்டு எறிஞ்சிருவோம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரூபினா சட்டென்று சொன்னாள்: "அதெல்லாம் எதுக்கு இப்ப? உங்க ஆபரேஷன்தான் அடுத்த வாரம் வருதுல்ல. ஜூஸைக் குடிங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு தமிழ்ச்செல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பவும் உள்ளே போனாள். பால் பொங்கி வழிந்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டியது. கடையில் உட்கார்ந்து ஒரு சீட் முழுக்க ரெக்சினை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டாள். வெள்ளைத்துரை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை மாட்டுனா ஓட்டுறவன் தலைகீழா உக்காரணும்," என்றான்.

மறுநாள் காலையில் கோச்சடையில் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். தமிழ்ச்செல்வி ரத்த வங்கிக்குப் போன் போட்டாள்.

"ரூபினா, அங்க கரண்ட் இருக்கா?"

"யாருங்க? தமிழ்ச்செல்விக்காவா? இருக்குக்கா. ஏன்?"

"இல்ல, இங்க போயிருச்சு. ஃபிரிட்ஜ்..."

அந்தப் பக்கம் ரூபினா சிரித்தாள். "கோச்சடையில கரண்ட் போனா கே.கே. நகர்ல ஃபிரிட்ஜ் நிக்காதுக்கா. ஜெனரேட்டர் வேற இருக்கு. உங்க ரத்தம் பத்திரமா இருக்கு."

அதற்கப்புறமும் அவள் போன் போட்டாள். ஒருநாள் தானே நேரில் போய்விட்டாள். காளவாசலில் பஸ் ஏறும்போது கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவ்வளவு வலியோடு எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டரைப் பார்க்கவும் நாளில்லை, டெஸ்ட்டும் இல்லை. ரூபினா ஒன்றும் கேட்காமல் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃபிரிட்ஜ் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கீழ்த்தட்டில் தனியாக இரண்டு பை இருந்தன. நிறம் கறுத்துப்போய் இருந்தது.

"இம்புட்டுக் கறுப்பாவா இருக்கும்?"

"ஃபிரிட்ஜ்ல இருந்தா அப்படித்தான். உள்ள போயிட்டா சரியாயிரும்."

தமிழ்ச்செல்வி தன் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். வரும் வழியெல்லாம் எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது. கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த கடைசி டெஸ்ட்டில் அவளுக்கு மூத்திரத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. அதோடு மூட்டு வைத்தால் அந்தக் கிருமி புது மூட்டில் போய் உட்கார்ந்துவிடும், மருந்து சாப்பிட்டு முடித்துத் திரும்பவும் சோதித்துவிட்டுத்தான் செய்ய முடியும் என்றார் டாக்டர். மூட்டு ஆபரேஷனை அவர் வியாழக்கிழமையில்தான் வைத்துக்கொள்வார். இடையில் ஒரு வியாழன் மருந்துக்கே போய்விட்டது. அடுத்த வியாழனுக்கு ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. அதற்கடுத்த வியாழனைக் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் அவர் வெளிநாடு போகிறார், திரும்ப மூன்று வாரம் ஆகும்.

தமிழ்ச்செல்வி விரல் விட்டுப் பார்த்தாள். முதல் பை அந்த வியாழனைத் தாண்டி நாலைந்து நாள்தான் தாங்கும். பரவாயில்லை, தாங்கும். மூச்சு விட்டாள். பக்கத்தில் வெள்ளைத்துரை காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்குத்தான் கனகா வீட்டு விசேஷம்," என்றான்.

கனகா வெள்ளைத்துரையின் ஒரே தங்கச்சி. சமயநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் காதுகுத்து. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, ரோட்டோரத்தில் வைக்கப் பேனருக்கும் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். தாய்மாமனும் பொண்டாட்டியும் மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வர வேண்டும். இந்தத் தேதி வைத்தபோது தமிழ்ச்செல்வியின் ஆபரேஷன் அதற்கு இரண்டு வாரம் முந்தியே முடிந்துவிடும், அவள் நாற்காலி போட்டாவது உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மறுநாள் கடையில், ஸ்பாஞ்சை அளவெடுத்துக்கொண்டே வெள்ளைத்துரை பேச்சை ஆரம்பித்தான்.

"ரெண்டு வருசம் பொறுத்தாச்சு. டாக்டர் வெளிநாடு போயிட்டு வந்து செஞ்சா என்ன, தமிழு?"

"அதுக்குள்ள ரத்தம் ரெண்டும் வீணாப் போயிருங்க."

"திரும்ப எடுத்துக்குவோம்."

"எங்கிட்ட இப்ப இல்லங்க. ரெண்டு பை எடுத்ததுல அளவு இறங்கிருச்சு. ஏறுறதுக்கு எம்புட்டு மாசம் ஆகும்னே தெரியாது, அதுவரைக்கும் எடுக்க மாட்டாகளாம். அந்த மாத்திரையை முழுங்கினாலே குமட்டிக்கிட்டு வருது."

"அப்ப வெளிய இருந்து ஏத்துவோம். நம்ம பயலுக அம்புட்டுப் பேர் இருக்கானுக, ஒருத்தனோடது கூடவா சேராது?"

சேராது என்று டாக்டர் சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். ஆனால் அவன் கேட்டுக்கொள்ளவில்லை, அல்லது நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். சித்தப்பா மகன் காசிமாயன் முதல் ஆளாக இறங்கி, "எவ்வளவு வேணும்னாலும் எடுங்கம்மா," என்று சட்டைக்கையை மடித்தான். ரூபினா திகைத்துப்போனாள். பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டு வந்து, அவளுடைய பிரிவான ஓ பாசிட்டிவ் உள்ளவர்களை மட்டும் நிற்கச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தமிழ்ச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உட்கார முடியாமல் எழுந்தாள். நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். ஒருவன் ரத்தமாவது சேர்ந்துவிட்டால் நல்லது என்று ஒரு நேரம் நினைத்தாள். மறுநேரமே சேர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஏன் பயப்படுகிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒன்றும் சேரவில்லை.

"எங்க ரத்தத்துக்கு என்னம்மா குறை?" என்று காசிமாயன் கோபப்பட்டான்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லண்ணே. அக்காவோட உடம்பு ஏத்துக்காது, அவ்வளவுதான்."

வேன் திரும்பிப் போனது. பைக்கில் வீட்டுக்கு வரும்போது வெள்ளைத்துரை தலையைத் திருப்பாமல் சொன்னான்: "எங்காளுக ரத்தம் ஒண்ணு கூட உனக்கு ஒத்து வரலைல?" விளையாட்டாகச் சொல்கிறானா, குறையாகச் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வைகைப் பாலத்தில் காற்று அடித்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

உள்ளபடி சொன்னால், தள்ளிப்போடலாம் என்று அவன் சொன்னதும் அவளுக்குள் ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. எலும்பை அறுத்து எடுப்பார்கள் என்று கேட்ட நாளிலிருந்து மரக்கடைப் பக்கம் ரம்பச் சத்தம் கேட்டால் வேறு வழியாகச் சுற்றிப் போனாள். இப்போது தள்ளிப்போட ஒரு காரணம் தானாக வீடு தேடி வந்திருக்கிறது. அவள் பயந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காக விட்டுக்கொடுத்தாள் என்றுதான் சொல்வார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டுச் "சரிங்க," என்றாள். வெள்ளைத்துரை அவள் கையை ஒருமுறை பிடித்து விட்டான். அப்போதே கனகாவுக்குப் போன் போட்டு, "மதினி வருது," என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டருடைய ஆபீஸில் தேதியை ரத்து செய்துகொண்டார்கள். ரத்த வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று லைனை மாற்றிக் கொடுத்தார்கள்.

"சரிக்கா," என்றாள் ரூபினா. "அப்ப அந்த ரெண்டு பேக்கையும் தேதி வந்ததும் டிஸ்கார்ட் போட்டுறவா? நீங்க சொன்னாத்தான் நான் எழுதி வைக்க முடியும்."

போடுங்க என்று சொல்ல ஒரு வார்த்தைதான். கையில் ரத்தம் எடுத்த இடத்தில் இன்னும் ஊசித் தழும்பு இருந்தது. தமிழ்ச்செல்வி அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"போடாதீங்க."

"அப்ப..."

"ரூபினா, லைனைத் திரும்ப டாக்டர் ஆபீஸுக்கே குடும்மா. வியாழக்கிழமை நான் வாரேன்."

போனை வைத்த பிறகு என்ன செய்துவிட்டோம் என்று சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்படியே சேலையை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனாள். கொஞ்ச நேரம் தாமதித்தாலும் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

வெள்ளைத்துரை ஒரு பைக் சீட்டில் ரெக்சினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை நான் போறேங்க."

"எல்லாரும்தான் போறோம்."

"சமயநல்லூருக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு."

அவன் நிமிரவில்லை. டக், டக் என்று பின் இறங்கிக்கொண்டே இருந்தது. சீட்டின் ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகுதான் கேட்டான்.

"நேத்துச் சரின்னு சொன்ன?"

"சொன்னேன்."

"கனகாட்ட சொல்லிட்டேன்."

"தெரியும்."

"சீர்த்தட்டை நான் ஒத்தையில தூக்கிட்டுப் போகவா? உம்பொண்டாட்டி எங்கடான்னு சபையில கேப்பாக, தமிழு."

"தட்டு எல்லாம் நான் தயார் பண்ணித் தாரேன். ஒண்ணு குறையாது. கேட்டா ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லுங்க."

"அங்க உனக்கு நான் வேணாமா?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "வேணும்தான். அதுக்காக உங்கள ரெண்டா வெட்டவா முடியும்? அஸ்வினி இருக்கா. நீங்க பிள்ளைகள மடியில வைங்க."

"உனக்கு எப்ப இருந்து இம்புட்டுப் பிடிவாதம்?"

"அது என்னோடதுங்க. எடுத்து வச்சிருக்கேன். அதை எறியச் சொல்ல எனக்கு வாய் வரல." அதற்குமேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிட வைத்தால் சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான். கனகா போன் போட்டால் வெளியே போய்ப் பேசினான். கனகாவிடமிருந்து தமிழ்ச்செல்விக்கு ஒரு போனும் வரவில்லை. அவளும் போடவில்லை. போட வேண்டும் என்று போனை எடுப்பாள், பெயர்வரைக்கும் போவாள், வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் பட்டுச்சேலை, வேட்டி, வளையல், பழம், மஞ்சள், பிள்ளைகளுக்குத் துணி, தோடு என்று தட்டுத் தட்டாக அடுக்கி, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டினாள். அஸ்வினி பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் வந்து கூட உட்கார்ந்து ஒட்டினாள்.

"அம்மா, பயமா இருக்கா?"

"ரிப்பனை இறுக்கிக் கட்டு. வேன்ல போறப்ப அவுந்துரும்."

புதன்கிழமை மத்தியானம் வெள்ளைத்துரையே ஆட்டோ பிடித்து அவளையும் அஸ்வினியையும் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டான். அறையில் துணிப்பையை வைத்தான். ஃபேன் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். பாத்ரூம் தரை வழுக்குகிறதா என்று செருப்பால் தேய்த்துப் பார்த்தான். பிறகு கதவருகில் நின்று, "வாரேன்," என்றான். அவள் தலையாட்டினாள். அவன் போன பிறகு நடைபாதையில் அவன் செருப்புச் சத்தம் போய், நின்று, கொஞ்சம் திரும்பி வந்து, மறுபடி போனது.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். தூக்கம் வர மருந்து கொடுத்தார்கள். அது சரியாகப் பிடிக்கவில்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் தன் உடம்பில் யாரோ வேலை செய்வது தெரிந்தது, வலி இல்லை. பட்டறையில் கேட்கிற மாதிரிச் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் தலை மேல்நோக்கி நகர்ந்தது. சமயநல்லூரில் இந்நேரம் மேளம் அடிப்பார்கள் என்று நினைத்தாள். நினைப்பை அங்கேயே நிறுத்தப் பார்த்தாள். மண்டபத்து வாசல், தட்டுகள், வெள்ளைத்துரையின் கையில் முதல் தட்டு, பின்னால் வருகிற காசிமாயன். பயம் மறுபடி மறுபடி வந்து அதைக் கலைத்தது. நெஞ்சு தடதடவென்று அடிக்க, மயக்க டாக்டர் குனிந்து, "என்னம்மா, என்ன செய்யுது?" என்றார்.

"ரத்தம் வந்துருச்சா?"

"இப்பத்தான் மாட்டுறோம். பாருங்க."

ஸ்டாண்டில் ஒரு பை தொங்கியது. ஸ்டிக்கரில் அவள் பெயர் இருந்தது. குழாய் வழியாக வந்தது கையில் இறங்கும்போது குளிர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எப்போது கண் மூடினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வெள்ளைத்துரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டையில் மாலை உரசிய கறை. அஸ்வினி சுவரோரம் நின்று அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீர் இறக்கியாச்சா?"

"ம்."

"பிள்ளைக அழுதுச்சா?"

"சின்னது அழுதுச்சு. பெரியது அழல." அவன் அவள் கால் கட்டைவிரலைத் தொட்டான். "தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"என்ன பண்றீக?"

"கிள்ளுறேன்."

"தெரியல. நல்லாக் கிள்ளாதீக, மரப்பு போனப்புறம் வலிக்கும்."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. முகத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டான். "பந்தியில உக்காரல. கிளம்பி வந்துட்டேன்," என்றான். அஸ்வினி கேன்டீனுக்குப் போய் அவனுக்குத் தயிர்சாதம் வாங்கி வந்தாள். அவன் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

இரண்டாவது பை தேவைப்படவில்லை. மறுநாள் அளவு பார்த்துவிட்டு, போதும் என்றார் சூரியபிரகாஷ். தமிழ்ச்செல்வி விடவில்லை.

"என்னோடதுதான டாக்டர்? ஏத்தி விட்டுருங்க."

"தேவையில்லாம ஏத்துனா இதயத்துக்குச் சுமைம்மா. உங்களோடதா இருந்தாலும் அப்படித்தான்."

அது நியாயம்தான் என்று புரிந்தது. ஆனாலும் கீழே போய் ரூபினாவிடம் கேட்டு வரச் சொல்லி அஸ்வினியை இரண்டு தடவை அனுப்பினாள். தேதிவரைக்கும் இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவோம் என்ற அதே பதில்தான் வந்தது. அன்று முழுக்க அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கஞ்சியில் உப்பு இல்லை என்று அஸ்வினியைத் திட்டினாள்.

சனிக்கிழமை காலையில் கனகா வந்தாள். தூக்குவாளியைப் பட்டென்று மேசைமேல் வைத்தாள். எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை.

"மூணு இடத்துல பேனர். மூணுலயும் அண்ணன் பக்கத்துல உங்க போட்டோ. வந்தவுக எல்லாம் மதினி எங்க, மதினி எங்கன்னு கேக்குறாக. நான் என்ன சொல்ல?"

"ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். அப்புறம் அம்புட்டுப் பேரும் என்னையத்தான் ஏசுனாக. அவளுக்கு ஆபரேஷன் நடக்குது, நீ மேளம் அடிக்கிறியான்னு." கனகாவின் குரல் உடைந்தது. "மேளம் நான் நேத்தா சொன்னேன்? ரெண்டு மாசமா நடக்குது வேலை."

தமிழ்ச்செல்வி கை நீட்டித் தூக்குவாளியை மேசையின் உள்பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"சொல்லியிருந்தா விசேஷத்தைத் தள்ளி வச்சிருப்பியா?"

கனகா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "மாட்டேன்," என்றாள். "ஆனா சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும். போனைக் கையில எடுத்தேன், கனகா. போட முடியல."

கனகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் தலையைப் பார்த்தாள். மூன்று நாள் படுக்கையில் முடி சிக்குப் பிடித்துக் கயிறு மாதிரிக் கிடந்தது. "என்ன தலை இது? உங்க மகளுக்கு ஒரு சீப்பு எடுக்கத் தெரியாதா?" என்றவள், தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். பின்னால் நின்று நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். இழுத்த இழுப்பில் கோபம் இருந்தது. தமிழ்ச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கை இளகியது. இறுக்கமாகப் பின்னி முடித்து ரப்பர் பேண்டு போட்டாள்.

பிசியோ தம்பி வாக்கரோடு வந்தபோது கனகா இன்னும் அங்கேதான் இருந்தாள். எழுந்து நின்றதும் தமிழ்ச்செல்விக்குக் கண் இருட்டியது. வெட்டிய இடம் தீயாகக் காந்தியது. ஆனால் அந்த ஆணி இறங்குகிற பழைய வலி அங்கே இல்லை. அதைத் தேடிப் பார்த்தாள். இன்னொரு அடி எடுத்து வைத்துவிட்டு, அப்போதும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டாள். கனகா இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"கையை எடு, கனகா. நீ பிடிச்சா எனக்கு நடக்க வரல."

"விழுந்தா அண்ணன் என்னைத்தான் கொல்லும்."

நடைபாதையின் முனையில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கினார்கள். கீழே பள்ளிக்கூட வேன்களும் ஸ்கூட்டர்களும் போய்க்கொண்டிருந்தன. கனகா போனை எடுத்துக் காதுகுத்து வீடியோவைப் போட்டாள். சின்னவன் வெள்ளைத்துரையின் மடியில் கால்களை உதறிக் கத்திக்கொண்டிருந்தான். ஆசாரி குனிந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பிள்ளையின் காதைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"இங்க பாருங்க," என்று கனகா திரையில் விரலை வைத்தாள். "அம்புட்டுப் பேரும் பிள்ளையைப் பாக்குறாக. எங்கண்ணன் மட்டும் ஒரு கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில போனையே பாத்துக்கிட்டு இருக்கு. போட்டோக்காரன் மூணு தடவை கத்துனான், நிமிரவே இல்ல."

தமிழ்ச்செல்வி வாக்கரை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னொருக்கப் போடு," என்றாள்.